ஜட்ஜ் ஓட்டிப் பார்த்த இரண்டு கார்கள்

என் தங்கை புருஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு வயது, லைசென்ஸ் கிடையாது, ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். ஆனால் எந்தக் கார் வளைவில் வால் ஆட்டும், எது பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கும் என்று நானூறு பேர் அவனிடம்தான் வந்து கேட்கிறார்கள். அத்தனை கார்களும் டிவி விளையாட்டுக்குள் ஓடுகிறவை. இல்லாத ஊருக்கு வழி சொல்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வழியில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று எண்ணி நோட்டில் எழுதிவைக்கிற ஆளை என் தங்கை வீட்டில்தான் பார்த்தேன்.

இங்கே அவன், இவன் என்று எழுதுகிறேனே தவிர, நேரில் வாங்க போங்கதான். மாப்பிள்ளை என்கிற மரியாதை. வாய் வலிக்க வலிக்கக் கொடுத்துவருகிறேன்.

அவனுக்கு வேலை தராசு சரிபார்ப்பது. கடை கடையாகப் போய், எடைக்கல்லை வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவான். தப்பாக இருந்தால் ‘பயன்படுத்தாதே’ என்று ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வருவான். எந்தத் தராசைத் தொட்டாலும் முதலில் தட்டைக் காலியாக வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதைக் கல்யாணமான புதிதில் எனக்கே மூன்று முறை விளக்கினான். காலித் தட்டைப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஒரே மனிதன் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கடைசி அறைக்குள் போய்விடுவான். அங்கே ஒரு பெரிய டிவி, அதற்கு முன்னால் ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டு, மேஜையில் திருகி வைத்த பிளாஸ்டிக் ஸ்டீயரிங். தரையில் ஒரு பலகை, அதில் பெடல்கள். மிதித்தால் பலகை நகரும் என்று பின்னால் நாலு செங்கல். மூலையில் தலையணை உயரத்துக்கு நோட்டுகள். ஒவ்வொரு காருக்கும் ஒரே ரோடு, ஒரே மழை, இருபது சுற்று. நேரம் ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம், வளைவில் வண்டி எப்படி நடந்துகொண்டது என்பது இன்னொரு பக்கம். அதைப் பார்த்து ஒரு தீர்ப்பு எழுதி, அதே விளையாட்டை ஆடுகிற நானூறு பேர் கொண்ட குழுவில் போடுவான். அதனால் அங்கே அவன் பெயர் ஜட்ஜ். அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அதுதான். தராசு வைத்திருக்கிற கடைக்காரர்கள் அவனைக் கண்டால் ஷட்டரை இறக்குவார்கள்.

அவனுடைய தீர்ப்புகளில் பேர்பெற்றது சிவப்புக் காரையும் நீலக் காரையும் ஒப்பிட்டு எழுதியது. ஒருநாள் அதை எனக்கு வாசித்தே காட்டினான். “சிவப்புக்கு வேகம் உண்டு, அடக்கம் இல்லை. நேர் ரோட்டில் அதை யாரும் தொட முடியாது. ஆனால் வளைவில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். நீலம் அப்படி இல்லை. வேகம் கொஞ்சம் மட்டு, ஆனால் கடைசி நொடியில் பிரேக் பிடித்தாலும் மூக்கைத் திருப்பாமல் நிற்கும். நிதானத்தில் அதற்கு ஈடு கிடையாது.” கல்யாணத் தரகர் பேசுகிற பேச்சு. ஒரு வருஷமாகக் குழுவில் பாதிப் பேர் நீலத்தில்தான் ஓட்டினார்கள்.

இப்போது என்னைப் பற்றி. நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங் முன்னால், நான் பக்கத்துச் சீட்டில். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர்கள் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன். இது காலுக்கு அப்படிப் பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தால் என் வலது கால் தரையை மிதிக்கும். சினிமா பார்க்கும்போதுகூட மிதித்திருக்கிறேன்.

என் ஸ்கூலில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் தடவையே பாஸ். எப்படி என்று மற்ற ஸ்கூல்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டெஸ்டின்போதும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அதிகாரி பின் சீட்டில் பேப்பரோடு. அவருக்கு என் கால் தெரியாது. லேசாக, பூப்போல மிதிக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குத் தான்தான் நிறுத்தினோம் என்று தோன்றும்.

என் தங்கையும் அப்படிப் பாஸானவள்தான். டெஸ்ட் அன்று நாற்சந்தியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மிதித்தேன். வண்டி அழகாக நின்றது. அதிகாரி “நல்ல கவனம்” என்று எழுதினார். அவள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுப்பானேன் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு அவள் ஒரு பழைய கார் வாங்கினாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை, இரண்டு பஸ் மாற வேண்டும், கார் இருந்தால் அரை மணி நேரம். வாங்கிய நாலாம் நாள் வீட்டுக் கேட்டுத் தூணில் கொண்டுபோய் இடித்தாள். முன்விளக்கு நொறுங்கியது, ஆளுக்கு ஒன்றுமில்லை. அதோடு சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டியவள் எடுக்கவே இல்லை. மூன்று வருஷமாகிறது. “தூண் அங்கேயேதான் இருந்துச்சு அண்ணா. எனக்குக் கால் போகல. எனக்கு இது வராது” என்று அன்று சொன்னாள். “உனக்குப் பதட்டம் ஜாஸ்தி, கொஞ்ச நாள் போகட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் இன்றும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள். அந்த வீட்டில் லைசென்ஸ் உள்ளவள் ஓட்டமாட்டாள், டிவியில் ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இல்லை. கார் உறை போட்டுக்கொண்டு நின்றது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அந்தக் குழுவில் ஒரு பெரிய பந்தயம் வைத்தார்கள். அணிக்கு நாலு பேர், மாற்றி மாற்றி ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். நாலு பேரும் ஒரே மாதிரிக் கார். ஞாயிறு பகல் இரண்டு மணிக்குப் பந்தயம். எந்தக் கார் என்று சனிக்கிழமை ஆறு மணிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. ஜட்ஜின் அணி வேறு எதை எடுக்கும்? நீலம். இத்தனை வருஷத் தீர்ப்பையும் ஒரே நாளில் எல்லார் முன்னாலும் நிரூபித்துவிடலாம் என்று இருந்தான். தோற்றால் தன் பேச்சை இனி நாய்கூடக் கேட்காது என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கை போனில் சொன்னாள். பொம்மைக் காருக்குப் பட்டினி கிடக்கிற மனிதனைப் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பிப் போனேன்.

போனபோது காதில் ஹெட்போனோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அவன் அணியில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு. பகலெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுச் சாயங்காலம் வந்து பழகுகிறவர். நீலத்தில் மூன்றாவது வளைவுக்கு வந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடுகிறதாம், தினமும் அதே இடத்தில்.

“வண்டி மேல பழி போடாதீங்க” என்று மாப்பிள்ளை அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “நான் நானூறு சுற்று ஓட்டியிருக்கேன், ஒரு தடவ வழுக்கல. உங்க கால்தான் முரட்டுக் கால். மாவு பிசையற மாதிரி மிதிச்சா எந்த வண்டி நிக்கும்?”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். “விலகிக்கறேன்னு சொல்றாரு மச்சான். தன்னால டீம் கெட வேண்டாமாம். பாவம், அவருக்கு இது வராது.”

ஊருக்கு ஒரு கோமாளி போதாதென்று லைசென்ஸே இல்லாத ஒருவன் இன்னொருவனை ஓட்டத் தெரியாதவன் என்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதீங்க மச்சான். ஒரு தடவ நீங்க உக்காந்து பாருங்களேன்.”

“நிஜ வண்டி ஓட்டறவனுக்கு இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை.”

“அதுக்குத்தான் கேக்கறேன். நீங்களும் நீலம்தான்னு சொல்லிட்டா எனக்கு ஒரு தைரியம்.”

சரி, இவனுக்கு ஓட்டுவது என்றால் என்னவென்று காட்டுவோம் என்று வேன் சீட்டில் உட்கார்ந்தேன். முதலில் சிவப்பு. மூன்றாவது வளைவில் பிரேக் பிடித்தேன், வண்டி ஒரு வட்டம் போட்டுப் புல்லில் போய் நின்றது. மறுபடியும் வட்டம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் பலகை ஆடுகிறது என்றேன். “முதல் தடவ எல்லாருக்கும் அப்படித்தான் மச்சான்” என்று அவன் மெதுவாகச் சொன்னான். நான் என் மாணவர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பிறகு நீலம். அதே வளைவு. கோபத்தில் நேரம் பார்க்காமல் ஓங்கி மிதித்தேன். வண்டி மூக்கு நேராக நின்றது. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே தாமதித்தேன். நான் மிதிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே வேகம் குறைந்தது. அதற்கடுத்த சுற்றில் காலைப் பெடல் பக்கமே கொண்டுபோகவில்லை. வண்டி தானாக அடங்கி, வளைவில் நல்ல பிள்ளையாகத் திரும்பியது.

யாருக்காக மிதிக்கிறோமோ அவனுக்கு இது ஒருநாளும் தெரியாது. மிதித்துவிடுகிறவனுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற வேலை அது.

“மாப்பிள்ளை, இதுல இன்னொருத்தன் கால் இருக்கு” என்றேன்.

“என்ன மச்சான்?”

“பிரேக்கை நீங்க மிதிக்கல. வேற யாரோ உங்களுக்காக மிதிக்கறான்.”

அவன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா உதவியையும் என்றைக்கோ அணைத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு ஏதேதோ பட்டனை அழுத்தி உள்ளே உள்ளே போனான். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. திரையில் நீலக் காருக்குப் பக்கத்தில் ‘பிரேக் உதவி’ என்று எழுதி, அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதை இதுதான். விளையாட்டை முதன்முதலில் வாங்கியபோது ‘நீங்கள் புதியவரா?’ என்று கேட்டதாம், ஆமாம் என்று அழுத்தியிருக்கிறான். அப்போது கொடுத்த முதல் கார் நீலம். அதற்கு உதவி ஒட்டிக்கொண்டது. பின்னால் கைதேர்ந்தவனானதும் உதவியை அணைத்தான். அது மற்றக் கார்களுக்கெல்லாம் அணைந்தது, முதல் காருக்கு மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு காருக்கும் அது தனித்தனியாம். நீலத்தில் வழுக்கிய மற்றவர்கள், ஜட்ஜ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தங்கள் காலையே நொந்துகொண்டிருக்கிறார்கள். ஊரிலுள்ள தராசையெல்லாம் பூஜ்யம் பார்த்தவன் தன் தராசுக்குப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். பந்தயத்தில் யாருக்கும் உதவி கிடையாது, நடத்துகிறவர்களே அணைத்துவிடுவார்கள். நாளைக்கு இவன் முதல் வளைவிலேயே நானூறு பேர் பார்க்க வழுக்கி விழுந்திருப்பான்.

நான் சிரித்தேன். ரொம்ப நாளாகிவிட்டது அப்படிச் சிரித்து. அவன் முகம் வெளுத்துப்போய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். மணி நாலரை.

சிரித்து முடித்ததும் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. “இப்ப என்ன ஆயிடுச்சு. ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ‘நல்லா யோசிச்சுப் பாத்தேன், நாளைக்கு ரோட்டுக்குச் சிவப்புதான் சரி’ன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? இத அணைச்சுடுங்க, முடிஞ்சுது கதை.”

“பேக்கரிக்காரர்?”

“அவருக்கென்ன. அவரு எப்படியும் விலகப்போறாரு.”

அவன் வேலைப் பையைத் திறந்து, தராசுக்குக் கட்டுகிற ஒரு சிவப்பு அட்டையை எடுத்தான். ‘பயன்படுத்தாதே’. அதை ஸ்டீயரிங்கில் கட்டினான். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு குழுவிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டான். தெருவுக்கே கேட்கிற குரல்.

“எல்லாரும் கேளுங்க. நீலக் காரைப் பத்தி நான் எழுதினது எல்லாம் தப்பு. என் வண்டியில பிரேக் உதவி ஓடிக்கிட்டிருந்திருக்கு. ஒரு வருஷமா. நான் பாக்கல.” மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தான். “பேக்கரிக்காரரே, உங்க கால்ல தப்பு இல்ல. நீங்க நிஜமா ஓட்டினீங்க, அதனால வழுக்குச்சு. நான் ஓட்டவே இல்ல. உங்களுக்கு வராதுன்னு சொன்னேன். அது பொய்.”

அப்புறம் கேட்க வேண்டுமா? ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்டது, அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு. ஒருவன், ஜட்ஜ் ஐயா இன்னும் நடைவண்டியில்தான் போகிறாரா என்றான். இன்னொருவன், தீர்ப்பையெல்லாம் அடுப்பில் போடு என்றான். கால்மணி நேரத்தில் அணி சிவப்புக்கு மாறியது, பேக்கரிக்காரர் திரும்பச் சேர்ந்தார், இவனை உட்காரவைத்துவிட்டு வேறு ஆளை எடுத்தார்கள். ஜட்ஜ் பட்டம் யாரோ ஒரு கல்லூரிப் பையனுக்குப் போனது. இவன் எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்றான். பிழைக்கத் தெரியாதவன் என்று நான் முன்பே நினைத்திருந்தேன். அன்று முத்திரையே குத்திவிட்டேன்.

வெளியே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அது கண்ணாடி போட்ட மேஜை, தங்கை தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். அவள் அந்த அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உன் புருஷனைப் பாத்தியா?” என்றேன். “ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம். ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிறாரு.”

“அண்ணா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“டெஸ்ட் அன்னிக்கு நாற்சந்தியில ஒரு சைக்கிள்காரர் குறுக்க வந்தாரே. பிரேக் போட்டது யாரு?”

டீ சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

“நீதான். வேற யாரு?”

“அப்ப உன் கால் எங்க இருந்துச்சு?”

“தரையில. சும்மாத்தான் இருந்துச்சு. பின்னால அதிகாரி உக்காந்திருக்கும்போது நான் எப்படி மிதிப்பேன்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

“காலை எடு” என்றாள்.

எடுத்தேன்.

“மூணு வருஷம்” என்றாள். குரல் உயரவில்லை. அவள் புருஷனை நான் இளப்பமாகப் பார்ப்பேனே, அதே பார்வை பார்த்தாள். “எனக்கு வராதுன்னு நெனச்சேன் அண்ணா. கால் போகலன்னு நெனச்சேன். நீ போகவிட்டாத்தானே போகும்.” அவமானமாக இருந்தது. அதை விட, கடைசி அறையிலிருந்து அவன் கேட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவ்வளவு கேவலமான ஆள் நான்.

அவள் எழுந்து போய்ச் சமையலறை ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வா. உன் ஸ்கூல் வண்டி வேண்டாம். நம்ம வண்டியில கத்துக்குடு. அதுல உன் பக்கம் ஒண்ணும் கிடையாது.”

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். மாப்பிள்ளை உறையைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, டயருக்குக் காற்றும் அடித்துவைத்திருந்தான். பந்தயத்தில் இடம் இல்லாதவன், வேறு என்ன செய்வான். “வாங்க மச்சான்” என்றான், எப்போதும் போல. நான் பக்கத்துச் சீட்டில் ஏறினேன். பெல்ட்டை நான்தான் முதலில் போட்டேன். தங்கை கண்ணாடியைச் சரிசெய்து, மெதுவாக வண்டியை எடுத்தாள். வாசல் குறுகல், தூண் இடது பக்கம். அவள் திருப்பியது போதவில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

தூணுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. அவள்தான் நிறுத்தினாள். என் கால் வெறும் ரப்பர் பாயை மிதித்துக்கொண்டிருந்தது.